ஒடியாத கோலே அம்பு

கருவியின் பெருமை அதன் விலையில் இல்லை, பளபளப்பிலும் இல்லை. எப்பணிக்கென அது செய்யப்பட்டதோ, அப்பணி முடியும்வரை உடையாது நிற்பதில் இருக்கிறது. கல் இடறியவுடன் முறியும் ஏர்க்கொழு கொழுவன்று. நெல்லின்மேல் விழுந்தவுடன் பிளக்கும் உலக்கை உலக்கையன்று. அவ்வாறே, விலங்கின்மேற் பட்டவுடன் ஒடியும் கோல் அம்பன்று. இவ்வெளிய உண்மையை மறைத்து, விரைவு ஒன்றையே அம்பின் சிறப்பெனப் பறையறைந்து விற்கும் பெருவணிகம் ஒன்று மேலைநாடுகளில் வளர்ந்து நிற்கிறது. அதன் புரட்டை உடைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேட்டையைப் பரிந்துரைக்க யாம் வந்தோம் அல்லேம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது, அத்தடை நன்றே. வில்லாற் புகழ்பெற்ற இங்கிலாந்திலும் 1963-ஆம் ஆண்டின் மான் சட்டம் மானை அம்பால் எய்வதைத் தடுத்துவிட்டது. ஆயின், அமெரிக்காவிலும் கனடாவிலும் வில்வேட்டை சட்டம் ஒப்பிய ஒன்று. அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலம் 1934-இல் வில்லுக்கெனத் தனி வேட்டைப் பருவம் வகுத்தது. பின்னர்ப் பிற மாநிலங்களும் அவ்வழி நடந்தன. அங்கெல்லாம் ஆண்டுதோறும் மான்கள்மேல் அம்பு பாய்கிறது. கொல்லுதல் அறமா என்பது ஒரு வினா. எய்வதென்று துணிந்துவிட்டவன் எத்தகைய அம்பை எய்தல் வேண்டும் என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடை எதுவாயினும், இரண்டாம் வினாவைத் தட்டிக் கழிக்க எவனுக்கும் உரிமை இல்லை. என்னை? பழுதான அம்பு விலங்கைக் கொல்லாது, புண்படுத்தி ஓடவிடும். புதருள் ஒடுங்கிக் குற்றுயிராய்க் கிடந்து நாட்கணக்கில் நொந்து சாகும் அவ்விலங்கின் நோவுக்குப் பொறுப்பாளி யார்? கோல் விற்றவனும், ஆராயாது அதை வாங்கியவனும் அல்லரோ?

அம்பு கொல்லும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். துமுக்கிக் குண்டு மோதி நொறுக்கிக் கொல்வது. அம்பு அறுத்துக் கொல்வது. அலகின் விளிம்பு நுரையீரலையும் பெருங்குருதிக் குழல்களையும் அறுத்து ஊடுருவினால் விலங்கு விரைவில் நினைவிழந்து வீழும். தோலிலும் தசையிலும் நின்றுவிட்டால் வீழாது. ஊடுருவ வேண்டுமாயின், அலகின் பின்னே நின்று அதைத் தள்ளும் கோல், விலா எலும்பைக் கடந்து செல்லும் வரையில் நேராகவும் முழுதாகவும் நிற்றல் வேண்டும். எலும்பிற் பட்ட அந்நொடியில் கோல் பிளந்தாலோ அலகு வளைந்தாலோ, வில் ஈந்த ஆற்றல் அனைத்தும் அங்கேயே வீணாகும். எனவே, கோலின் உறுதி என்பது வாங்குவோனின் பணத்தைக் காக்கும் சிக்கனச் செய்தி மட்டும் அன்று. எய்யப்படும் உயிரைப் பற்றிய அறச்செய்தி.

நம் முன்னோர் அம்புக்கு இட்ட பெயர்களை ஈண்டு ஓர்ந்து நோக்குக. கோல் என்பது அம்பின் பெயர். கணை என்பதும் அம்பின் பெயர். கோல் என்றால் தண்டு. கணை என்பதில் திரட்சிப் பொருள் உண்டு. கணைக்கால் என்னும் சொல்லை நோக்கின் அது விளங்கும். கூர்முனைக்கு அம்பலகு என வேறு பெயர் வைத்துவிட்டு, முழுக் கருவியைத் தண்டின் பெயராலேயே வழங்கினர். தண்டே அம்பு, பிற அதன் உறுப்புகள். வில்லின் நுனியில் நாணைத் தாங்கும் வெட்டுக்குக் குதை என்று பெயர்; அம்பின் அடியில் நாண் பொருந்தும் பிளவையும் ஈண்டுக் குதை என்றே குறிப்போம். அலகைத் தாங்குவதற்குக் கோலின் வாயினுள் ஒட்டும் மாழைத் துண்டைச் செருகு என்போம். வாயைச் சுற்றி இறுக்கும் வளையம் பூண். உலக்கைப் பூணை அறியாத தமிழர் உளரோ? இத்துணைச் சொற்களே போதும். இன்றைய வேட்டையம்பை அடிமுதல் நுனிவரை தமிழில் விளக்கலாம்.

விரைவுக்கும் மலிவுக்கும் உறுதியைப் பலியிடும் இழிநிலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தை ஆண்ட நான்காம் என்றி மன்னன், அம்பலகு செய்யும் கொல்லர்க்கென்றே ஒரு சட்டம் வகுத்தான். அவர்கள் பழுதான அலகுகளைச் செய்கின்றனர் என்பதே அச்சட்டம் கூறிய குறை. அலகின் முனைக்கு எஃகால் வன்மை ஊட்டல் வேண்டும். ஒவ்வோர் அலகிலும் செய்தவன் தன் குறியைப் பொறித்தல் வேண்டும். தவறின் அலகுகள் பறிக்கப்படும், செய்தவன் சிறைப்படுவான் என்றது அச்சட்டம். இன்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் வேட்டைச் சட்டங்கள் அலகின் அகலத்துக்குக் கீழெல்லை வகுக்கின்றன. 7/8 அங்குலம் என்பது பரவலாக வழங்கும் அளவு. அகலத்தை அளப்பது நன்றே. ஆனால், அகன்ற தகரமும் அகலந்தானே? அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஒரு மன்னன் வன்மையைக் கேட்டான், செய்தவனின் பெயர்க்குறியையும் கேட்டான் என்பதை எண்ணிப் பார்க்க.

அடுத்து வந்தவர் ஓர் ஆசிரியர். உரோசர் அசுக்கம் என்னும் அப்பெரியார் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்தவர். பின்னாளில் அரசியான எலிசபெத்துக்கு இளமையில் ஆசானாய் இருந்தவர். 1545-இல் 'தொக்சோபிலசு' என்னும் விற்கலை நூலை அவர் வெளியிட்டு எட்டாம் என்றி மன்னனுக்குப் படைத்தார். அந்நூலில் அம்புக்கோலுக்குப் பயன்பட்ட பதினைந்து மரங்களை எண்ணிக் கூறி, அவற்றின் தரத்தை ஆய்ந்தார். மிக நொய்ய மரமும் ஆகாது, மிகத் திண்ணிய மரமும் ஆகாது. வில்லின் வலிமையைத் தாங்கவும் வேண்டும், பறக்கவும் வேண்டும் என இடைத்தர மரங்களைப் போற்றினார். ஆயின், போர்க்கோல் என்று வரும்போது அவர் தயங்கவில்லை. ஆசு என்னும் வன்மரத்தை விடுத்து ஆசுபென் என்னும் மென்மரத்தாற் கோல் செய்யும் அக்கால வழக்கத்தைக் கண்டித்தார். வன்மரக்கோல் விரைந்தும் செல்லும், நிறையால் ஆழமாகவும் தாக்கும் என்பது அவர் கூற்றின் சாரம்.

அவர் கண்டித்தது வெறும் புலவர் முணுமுணுப்பா? அன்று. நூல் வெளிவந்த அதே 1545-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19-ஆம் நாள், எட்டாம் என்றியின் போர்க்கப்பல் மேரி உரோசு கடலில் மூழ்கியது. 1982-இல் அதன் உடற்பகுதி மேலே தூக்கப்பட்டது. அக்கப்பலின் இடிபாடுகளிலிருந்து 3,500-க்கு மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை எம்மரத்தால் ஆனவை? ஆசுபென் சேர்ந்த பாப்பிளர் இன மென்மரத்தாலேயே! ஆசிரியர் எதைக் குறையென எழுதினாரோ, அதையே கடல் நானூற்று முப்பத்தேழு ஆண்டுகள் காத்து வைத்துச் சான்றாகத் தந்தது. ஆயினும் அவ்வம்புகளைச் செய்தோரை முற்றும் பழித்தல் முறையன்று. நாண் மோதிக் கோலின் அடி பிளவாதிருக்கக் குதையின் குறுக்கே கொம்புச் சீவல் ஒன்றைப் பதித்திருந்தனர். இறகுகளைப் பசையால் ஒட்டியதோடு அமையாது நூலாலும் சுற்றிக் கட்டியிருந்தனர். மலிவான மரத்திலும் முறியக்கூடிய இடம் எது என அறிந்து அதைக் காத்தனர். இன்றைய வணிகர் பலரிடம் அவ்வறிவுதானும் இல்லையே!

இன்றைய நிலைக்கு வருவோம். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் என்பார் உருளைகள் பூட்டிய கூட்டுவில்லை ஆக்கி, 1969-இல் அதற்குப் புனைவுரிமை பெற்றார். அன்றுதொட்டு விரைவுப் போட்டி தலைவிரித்தாடுகிறது. வில்லை விற்போர் அதன் விரைவை எண்ணால் அச்சிட்டுக் காட்டுகின்றனர். அவ்வெண் எவ்வாறு பெறப்படுகிறது? 70 பவுண்டு இழுவிசையுள்ள வில்லில், 30 அங்குலம் இழுத்து, 350 கிரெயின் அதாவது ஏறத்தாழ 22.7 கிராம் எடையுள்ள அம்பை எய்து பெறப்படுகிறது. ஒரு பவுண்டு இழுவிசைக்கு 5 கிரெயின் என்பது, வில் பழுதாகாமல் எய்யத்தக்க மிகக் குறைந்த அம்பெடையாகத் தொழில்துறையே வகுத்துக்கொண்ட எல்லை. 70-ஐ 5-ஆற் பெருக்குக; 350! வில் உடையாத எல்லையில் நின்று பெற்ற எண்ணையே வில்லின் புகழாக விற்கின்றனர். அவ்வெண்ணை நம்பியவன் அதே நொய்ய அம்பைக் காட்டுக்கும் கொண்டு செல்கிறான். இது ஏமாற்று அன்றி வேறென்ன?

விரைவை விற்போர் கூறும் ஏது ஒன்று உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. விரைந்த அம்பு தாழாமற் செல்லும். தொலைவைப் பிழையாக மதித்தாலும் குறி பெரிதும் தவறாது என்பர். கணக்குப் போட்டே பார்ப்போம். 20 கிராம் அம்பு ஒன்று நொடிக்கு 90 மீட்டர் விரைவில் செல்வதாகக் கொள்க. அதே ஆற்றலோடு செல்லும் 40 கிராம் அம்பின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 64 மீட்டர். 20 மீட்டருக்கெனக் குறி பார்த்து, விலங்கு உண்மையில் 23 மீட்டரில் நின்றதாயின், நொய்ய அம்பு ஏறத்தாழ 4 செண்டிமீட்டரும், நிறைமிக்க அம்பு 8 செண்டிமீட்டரும் தாழ்ந்து படும். இரண்டிற்கும் வேறுபாடு இரண்டு விரல் அகலம்! மானின் நெஞ்சறையில் எய்வோன் நாடும் இடமோ ஏறத்தாழ ஒரு சாண் அகலம் உடையது. இவ்விரண்டு விரலைப் பெறுவதற்காக அவன் இழப்பது யாது? உந்தம் என்பது நிறையையும் விரைவையும் பெருக்கி வருவது. ஆற்றல் ஒன்றாயிருக்க நிறை இரட்டித்தால் உந்தம் 41 விழுக்காடு மிகும். எலும்பிலும் தசையிலும் தடைப்பட்டபோது அம்பை முன்செலுத்துவது அவ்வுந்தமே. அன்றியும், ஒரே வில் நிறைமிக்க அம்புக்குத் தன் ஆற்றலைக் கூடுதலாகவே ஈயும். நொய்ய அம்பு ஏலாத எஞ்சிய ஆற்றல் வில்லையே அதிரச் செய்து ஓசையிடும். ஓசை கேட்ட மான் துள்ளும். தொலைவை மதிக்கத் தெரியாதவன் தொலைவை மதிக்கக் கற்க வேண்டும். இயலாதாயின் நெருங்கிச் சென்று எய்ய வேண்டும். அதுவும் இயலாதாயின் எய்யாதிருக்க வேண்டும். தன் அறியாமையை விரைவால் மூடப் பார்ப்பது வில்லாண்மை ஆகாது.

எல்லாரும் 40 கிராம் அம்பையே ஏந்துக என்று யாம் கூறவில்லை. எல்லை நிலையிலுள்ள நொய்ய அம்பை விடுத்து, வில்லுக்கும் விலங்குக்கும் ஏற்ற நிறையைத் தேர்க என்பதே எம் கருத்து. எட் ஆசுபி என்னும் அமெரிக்கர் 1980-களில் தொடங்கி, ஆப்பிரிக்க நிலத்தில் பெருவிலங்குகளின்மேல் எய்த அம்புகளை நெடுங்காலம் ஆய்ந்து, ஊடுருவலுக்கு வேண்டிய கூறுகளை வரிசைப்படுத்தினார். அவர் முதலிடம் தந்தது விரைவுக்கு அன்று; நிறைக்கும் அன்று; அம்பின் கட்டுறுதிக்கே. உடைந்த அம்பில் வேறு எச்சிறப்பும் பயன்படாது என்பதே அதன் பொருள்.

இனிக் கோலின் பொருளை நோக்குவோம். மரம், அலுமினியம், கரியிழை என மூன்று. மரக்கோலில் பார்க்க வேண்டுவது மரத்தின் பெயரை மட்டும் அன்று, அதன் இழையோட்டத்தை. இழை கோலின் நெடுகிலும் நேராக ஓடல் வேண்டும். இடையிலே இழை புறத்தே வெளிப்பட்டு முடியுமாயின், கோல் அங்கேயே சாய்வாகப் பிளக்கும்; அப்பிளவு எய்வோன் கையிற் பாயவும் கூடும். ஈரத்தில் மரம் வளையும் என்பதும் உண்மை. அலுமினியக் கோல் வளையும். ஆனால் வளைந்ததைக் கண்ணாற் காட்டும். மேசைமேல் உருட்டினாலே பொய் வெளிப்படும். கரியிழைக் கோலோ வளைந்து நிற்பதில்லை. நேராக இருக்கும், அல்லது உடையும். அதுவே அதன் பெருமையும் இடரும். உள்ளே விரிசல் இருந்தும் புறத்தே ஒன்றும் தோன்றாது. விரிசலுற்ற கோலை நாணில் ஏற்றி விடுத்தால் அது நொறுங்கி, அதன் சிம்புகள் வில் பிடித்த கையையே துளைக்கும். ஒவ்வொரு முறை எய்யுமுன்னும் கோலை இரு கையாலும் பிடித்து வளைத்து, முறுக்கி, வெடிப்பொலி கேட்கிறதா எனப் பார்க்க என்று கரியிழைக் கோல் செய்வோரே அறிவுறுத்துகின்றனர். ஆனால், விரைவைப் பெரிய எழுத்தில் அச்சிடும் அவர்கள், இவ்வறிவுரையை எவ்வெழுத்தில் அச்சிடுகின்றனர்? கண்ணுடையோர் காண்க.

கோலின் விறைப்பும் வில்லுக்கு ஒத்ததாதல் வேண்டும். 28 அங்குல இடைவெளியில் இருமுனையும் தாங்கிய கோலின் நடுவே 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம், எடையைத் தொங்கவிட்டு அது எவ்வளவு தொய்கிறதென அளப்பர். அரை அங்குலம் தொய்ந்தால் அதன் எண் 500. எண் குறையக் குறைய விறைப்பு மிகும். நாண் தள்ளும்போது கோல் சற்று நெளிந்தே கிளம்புகிறது. வில்லுக்கு ஒவ்வாத விறைப்புடைய கோல், நெளிவு அடங்காமல் கோணலாகச் சென்று விலங்கைத் தாக்கும். கோணலாகப் பட்ட அம்பின் விசை முன்னே செல்லாது; பக்கவாட்டில் திரும்பிக் கோலையே முறிக்கும். முனையில் எடை கூட்டினாலும் கோல் நெளிவது மிகும் என்பதை நினைவிற் கொண்டு, அதற்கேற்ப விறைத்த கோலைத் தேர்தல் வேண்டும்.

இவ்விடத்தில் மற்றொரு வணிகப் புரட்டையும் சுட்டுவோம். கோலின் நேர்மையை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மூன்று பங்கு, ஆறு பங்கு எனத் தரம் பிரித்து, ஆயிரத்தில் ஒன்றுக்கு மிகுவிலை வைக்கின்றனர். ஆயிரத்தில் ஆறு பங்கென்பது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். இருபது முப்பது அடி எட்டில் நிற்கும் மானை எய்பவனுக்கு அவ்வேறுபாட்டால் விளையும் நன்மை மிகச் சிறிது. அப்பணத்தை அவன் எங்கே செலவிட்டிருக்க வேண்டும்? கோலின் வாயில்! அலகு எலும்பில் மோதும்போது அடி முழுதும் இறங்குவது செருகு பொருந்திய அவ்விரலளவு இடத்தில். மெல்லிய குட்டைச் செருகு பின்னோக்கிச் சாய்ந்து கோலின் வாயைப் பிளக்கும். எஃகாலோ பித்தளையாலோ ஆன நீண்ட செருகும், வெளியே ஒரு பூணும் இருந்தால் அவ்வடி பரவி அடங்கும். உலக்கைக்குப் பூண் கட்டிய நம் வீட்டுக் கொல்லன் அறிந்த அறிவு இது. அதைக் கோடி முதலிட்ட தொழிலகம் விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்கிறது.

அலகிலும் இதே கதை. பட்டவுடன் விரியும் அலகு என ஒன்றை விற்கின்றனர். பறக்கும்போது சுருங்கியிருப்பதால் நேராகச் செல்லும் என்பது அதன் புகழுரை. உண்மைதான், ஆனால் விரிவதற்கு ஆற்றல் செலவாகும், விரியும் மூட்டு எலும்பிற் பட்டால் முறியவும் கூடும். நிலையாக நிற்கும் தடித்த எஃகலகுக்கு அவ்விரு குறையும் இல்லை. கோலை வில்லுக்குப் பொருத்தத் தெரிந்தவனுக்கு நிலையலகும் நேராகவே செல்லும். எஃகு மிக மென்மையாயின் வளையும். மிக வன்மையாயின் சில்லெனத் தெறிக்கும். இடைப்பட்ட பதமே நன்று. குதையோ விலையிற் சிறியது, நெகிழியால் ஆனது. அது விரிசலுற்று நாணிலிருந்து நழுவினால், அம்பில்லாமல் நாணை விடுத்ததற்கு ஒப்பாகி வில்லே உடையும். ஆதலின் ஐயமுற்ற குதையை உடனே மாற்றுக. இறகைப் பொறுத்தவரை, வாத்திறகும் வான்கோழியிறகும் நொய்யவை, பிழை பொறுப்பவை. மழையில் நனைந்து படியும். நெகிழியிறகு மழைக்கு அஞ்சாது. நிலத்துக்கேற்பத் தேர்க.

'உறுதியான அம்புக்கு விலை மிகுதி. எளியவன் என் செய்வான்?' எனச் சிலர் வினவுவர். ஒருமுறை எய்து உடைந்த பத்து மலிவுக் கோல்களின் விலையையும், பலமுறை எய்தும் உடையாத மூன்று நல்ல கோல்களின் விலையையும் அவர்களே கூட்டிப் பார்க்கட்டும். அன்றியும் யாம் கூறிய ஆய்வுகளுட் பல விலையற்றவை. கோலை உருட்டிப் பார்ப்பதற்கும், வளைத்துக் கேட்பதற்கும், இழையோட்டத்தை நோக்குவதற்கும், விரிசலுற்ற குதையைக் கழிப்பதற்கும் பணம் வேண்டா, பொறுப்புணர்வு வேண்டும். அது கடையில் விற்கப்படுவதில்லை.

தமிழன்பர்களே, இறுதியாக ஒன்று. அசுக்கம் தம் நூலை இலத்தீனில் எழுதியிருந்தால் புலவர் உலகம் உடனே போற்றியிருக்கும். கிரேக்கத்தில் எழுதும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. அவரோ, கோல் செய்யும் தச்சனும் வில்லேந்தும் எளியவனும் படிக்கும் ஆங்கிலத்தில் எழுதினார். அக்காலத்தில் கற்றோர் அதை இழிவெனக் கருதுவர் என்பதை அறிந்தே எழுதினார். அதனாலன்றோ, பழுதான கோலை எப்படிக் கண்டுகொள்வது என்னும் அறிவு விற்பவனிடமிருந்து வாங்குபவனுக்குக் கைமாறியது! அறிவு மக்கள் மொழியில் இல்லாத இடத்தில் வணிகன் சொன்னதே வேதமாகும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம் இளைஞருள் வில்லைக் கையிலெடுப்பார் உளராயின், அவர்கள் விலைப்பட்டியலின் பளபளப்பை நம்பாது, தம் தாய்மொழியில் தாமே கேள்வி கேட்கப் பழகட்டும். இக்கோல் எத்துணை விரைவு என்று கேளாதீர். எங்கே உடையும் என்று கேளுங்கள். விடை தெரியாதவன் அதை விற்கத் தகுதியற்றவன்; அவ்வினாவைக் கேளாதவன் அதை எய்யத் தகுதியற்றவன். கோல் ஒடியுமிடத்தில் ஒடிவது கோல் மட்டும் அன்று. எய்தவனின் அறமும் ஆகும்.